சான்றிதழ் வரும், தொழில் வருமா?

தொழிற்சாலைப் பயிற்சியின் பலன், மாணவர் கேட்டைத் தாண்டும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முதல் நாள் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவார்கள். மறுநாள் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். மூன்றாவது வாரம் மாணவர் பழைய ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருப்பார், அல்லது லீவில் போன தொழிலாளிக்குப் பதிலாக உதிரி பாகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருப்பார். கடைசி நாள் கையில் சான்றிதழ். பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் பலருக்கும் பழக்கமான கதை இது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் 1973-ல் அதில் சேர்க்கப்பட்டனர். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்றன. ஆனால் எத்தனை பேர் என்பதற்குத்தான் சதவீதக் கணக்கு. உள்ளே போனவர் என்ன கற்றார் என்பது அதில் வராது.

இதற்கு ஒரு வழியை ராஜஸ்தானில் உள்ள பிலானி காட்டியது. அங்குள்ள பிட்ஸ் கல்வி நிறுவனம், சி.ஆர். மித்ரா இயக்குநராக இருந்தபோது, 1973-ல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' முறையைத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோடையில் சுமார் இரண்டு மாதம். இறுதியாண்டில் சுமார் ஐந்தரை மாதம். கால அளவைவிட ஏற்பாடுதான் முக்கியம். பயிற்சி பாடத்திட்டத்திலேயே அடக்கம். ஆசிரியரின் மேற்பார்வையும் மதிப்பீடும் உண்டு. மாணவர் வேடிக்கை பார்க்காமல், நிறுவனத்தின் நிஜமான பிரச்னை ஒன்றுடன் மல்லுக்கட்ட வேண்டும்.

இத்தனை வசதி இல்லாத கல்லூரியும் சிறிய ஆலையும் என்ன செய்வது? ஒரே ஒரு தாள் போதும். லேத் பிரிவில் எத்தனை நாள், தரப் பரிசோதனையில் எத்தனை நாள், ஸ்டோரில் எத்தனை நாள்? யார் கற்றுத்தருவார்? வாரக் கடைசியில் மாணவரால் தனியாக என்ன செய்ய முடிய வேண்டும்? இதை ஆலையும் கல்லூரியும் உட்கார்ந்து எழுத வேண்டும். சூப்பர்வைசருக்கு உற்பத்தி இலக்கு இருக்கிறது. கற்றுத்தர நேரம் ஒதுக்காவிட்டால் அவருக்கு மாணவர் ஓர் இடைஞ்சல்தான்.

எந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பவர் பிரஸ் ஒரு நொடியில் விரலைப் பறித்துவிடும். 18 வயது நிரம்பாதவர்களை, ஆபத்தை விளக்கிச் சொல்லாமலும் பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமலும் அபாயமான இயந்திரங்களில் நிறுத்தக்கூடாது என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. வயது கூடிவிட்டால் விரல் இரும்பாகிவிடுவதில்லை. இன்ஷூரன்ஸ், பாதுகாப்பு ஷூ, ஷிஃப்ட் முடிந்து மாணவிகள் திரும்பப் பஸ் எல்லாம் முதல் நாளுக்கு முன்பே தீர்மானமாக வேண்டும்.

உதவித்தொகை கொடுக்கும் ஆலைக்கும் இதில் லாபம் உண்டு: கழிவாகும் பாகங்கள் எங்கே, ஏன் உருவாகின்றன என்று ஒரு மாதம் குறித்துவைக்க அதன் ஆட்களுக்கு நேரமிருக்காது. மாணவருக்கு இருக்கும், அந்த வேலையை அவரிடம் யாராவது ஒப்படைத்தால்.