6 மெகாபிக்சல் போதுமா? பதில் சொல்லும் பழைய நிக்கான் டி40!

உங்கள் வீட்டு பீரோவில் பழைய நிக்கான் டி40 தூங்குகிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

2006 நவம்பரில் அறிமுகமான இந்த ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் இருப்பது 6.1 மெகாபிக்சல்தான். ஆனால், 10 அங்குல அகலத்துக்குத் தெளிவாக பிரின்ட் போட அதுவே தாராளம். இதன் சென்சார், செல்போனில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால், பின்னணி மங்கலாகி முகம் மட்டும் பளிச்சென விழுவது லென்ஸின் வேலை. சாஃப்ட்வேர் ஜாலம் அல்ல. உச்சி வெயிலில்கூட 1/500 நொடி வேகத்தில் ஃப்ளாஷ் அடித்து, முகத்தில் விழும் நிழலை விரட்டலாம்.

குறைகள்? வீடியோ கிடையாது. கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டாரும் இல்லை. புதிதாக லென்ஸ் வாங்கினால், மோட்டார் உள்ள ‘ஏஎஃப்-எஸ்’ வகையா எனப் பாருங்கள். இல்லாவிட்டால், கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

இந்த ஞாயிறு பேட்டரியை சார்ஜ் போட்டு, தாத்தா பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு க்ளிக். மறக்காமல் பிரின்ட் போடுங்கள். போனில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. சுவரில் ஒன்றாவது இருக்கிறதா?