அடிவயிற்றில் சீழ் கட்டினால் ஆபரேஷன்தான் வழியா?

குடல்வால் வெடித்தாலோ, சிசேரியனுக்குப் பிறகு கிருமி தொற்றினாலோ அடிவயிற்றில் சீழ் கட்டலாம். ‘சூட்டு வலிதான், சரியாகிடும்’ என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றைத் திறக்கணுமா? பெரும்பாலும் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசி செலுத்துவார்கள். அதன் வழியே மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேல் சுமார் 3-4 மி.மீ. தடிமனுள்ள குழாய். ரத்தக்குழாய்ப் படமெடுக்க ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் 1953-ல் வெளியிட்ட உத்திதான் இது. குழாயின் நுனி பன்றிவால்போல் சுருண்டுகொள்வதால் எளிதில் நழுவாது. 3 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்குப் பெரும்பாலும் மருந்தே போதும்.

குழாயை எப்போ எடுப்பாங்க? காய்ச்சல் விட்டு, ஒரு நாளில் வடிவது 10-20 மி.லி.க்குக் கீழே வந்ததும்.

ராசிபுரமோ சங்ககிரியோ, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தால் காத்திருக்க வேண்டாம். சேலம், நாமக்கல் இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு, அவசரத்துக்கு 108.