தட்டினால் சுருக்கென்று ஓடும் கட்டி

செஞ்சி வாசகர் ஒருவரின் கடிதம்: முன்கையில் கட்டி, வலியில்லை, தட்டினால் மட்டும் சுண்டுவிரல்வரை சுருக்கென்று ஓடுகிறது. கொழுப்புக் கட்டிதான், அரைமணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றார்களாம்.

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். அப்படிச் சுருக்கென்று ஓடினால் முதலில் நரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த அடையாளத்தை 1915இல், முதல் உலகப்போரின் நடுவே, பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும் தனித்தனியே எழுதினார்கள். எதிரெதிர் நாடுகளின் மருத்துவர்கள்! அறுந்த நரம்பு மறுபடி வளர்கிறதா என்று பார்க்கத்தான் அன்று தட்டினார்கள். இன்று நரம்புக் கட்டிக்கும் அதே தட்டல். இன்னொன்றும் உண்டு. நரம்பு கையின் நெடுக்கில் ஓடுவதால், அதில் முளைத்த கட்டி பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் அவ்வளவாக அசையாது. ஒரு பைசா செலவில்லாமல் விரல்நுனி சொல்லிவிடும் இந்தச் சேதியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஷ்வான்னோமா என்ற வகை நரம்பிழைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு உறைக்குள் வளரும். எங்கள் வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை உரிக்கும்போது பருப்பு கழன்று வருவதுபோல, பழகிய கைக்குத் தனியே வந்துவிடும். நியூரோஃபைப்ரோமா என்ற வகை இழைகளோடு கலந்தே வளரும். அதை எடுக்கையில் நரம்பு சேதமாகலாம். உடம்பில் ஆறோ அதற்கு மேலோ பால்காப்பி நிறத் திட்டுகளும் இருந்தால், அது 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறாக இருக்கலாம். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வருவது. அவர்களில் பாதிப்பேரின் பெற்றோருக்கு அது இருப்பதில்லை. இவர்களுக்குக் கட்டி திடீரெனப் பெருத்தாலோ, ஓயாமல் வலித்தாலோ, கை வலுவிழந்தாலோ புற்றா என்று உடனே பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் மறக்கக்கூடாத இன்னொரு நோய் தொழுநோய். முழங்கை நரம்பு தடித்து, சில வேளை உள்ளே சீழ்கட்டி, கட்டிபோலவே ஏமாற்றும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை நீக்கும் இலக்கை 2005 இறுதியில் நாடு எட்டியதை, நோயே போய்விட்டது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடும் பழக்கமும் குறைந்துவிட்டது. மாத்திரையில் குணமாகும் நோய்க்குக் கத்தி எதற்கு?

அதைவிட வருத்தம், வெட்டியெடுத்த சதையைக் குப்பையில் போடுவது. எந்த வகைக் கட்டி என்பதை நுண்ணோக்கிதான் உறுதி செய்யும். வாசகர் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகட்டும். தட்டினால் ஓடுவதை முதலிலேயே சொல்லி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று கேட்கட்டும். அறுவை நடந்தால் சதைப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தட்டும்.