கடையில் விழுந்தவரின் காயம்

ஆலையில் நேர்ந்தால்தான் விபத்து என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் தொழிலாளியின் காயத்துக்குக் கணக்குண்டு. திருவள்ளூர்க் கடைவீதியில் மேல்தட்டுச் சேலையை எடுக்க முக்காலிமீதேறி விழும் சிப்பந்தியோ, தம் அஜாக்கிரதை எனக் கூறி, எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் முடங்கிவிடுகிறார்.

சட்டம் அவ்வாறு பிரிக்கவில்லை. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகளுக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும். 2017 முதல், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். வேலையில் சேர்ந்த முதல் நாளே வழுக்கி விழுந்தாலும், குறைந்தது 3 நாள் பணி செய்ய இயலாதிருப்பின், ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் விபத்துப் பதிவேட்டில் அன்றே குறிப்பு ஏற வேண்டும். காயமுற்றவருக்காகப் பிறர் வாய்மொழியாகத் தெரிவித்தாலும் போதும். அந்த ஒரு வரி இல்லையெனில், கடையில்தான் விழுந்தார் என்று பின்னர் நிறுவுதல் கடினம்.

நிற்க. விழாமற் காப்பதே மலிவு. நாளெல்லாம் நின்று மரத்த கால் படியில் தடுமாறும். 2021-இல் நம் மாநிலம் கடைச் சட்டத்தைத் திருத்திச் சிப்பந்திகளுக்கு இருக்கை தரவேண்டுமென விதித்தது. அவ்விருக்கையையே ஏணியாக்கும் வழக்கத்தை நம் சங்கக் கடைகள் விட்டொழிக்க வேண்டும். கைப்பிடியுள்ள ஏணி வாங்குவது நிர்வாகிகளின் பொறுப்பு. கழுவிய தரை உலரும்வரை கதவைத் திறவாதிருப்பதற்கோ செலவே இல்லை.