காப்புக்காட்டில் கள்ளத்துப்பாக்கி: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியில் சட்டமீறிய வேட்டையும் அதனை எதிர்கொள்ளும் முறைகளும்

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருவேறு நிலங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒருபுறம் 1970களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைகளால் வளர்ந்து, பெங்களூருவிற்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஓசூர் நகரம். மறுபுறம் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் எனத் தெற்கே காவிரிக்கரை வரை நீளும் மேலகிரிக் காடுகள். இக்காடுகள் வடக்கே பன்னார்கட்டா தேசியப் பூங்காவோடும் மேற்கே கர்நாடகத்தின் காவிரி வன உயிரினச் சரணாலயத்தோடும் தொடர்புடையவை. 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கி அறிவிக்கப்பட்டன. யானை, சிறுத்தை, காட்டுமாடு, கடமான், புள்ளிமான், நாற்கொம்பு மான், நரை அணில் ஆகியன இங்கு வாழ்கின்றன.

இந்நிலத்தில் வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் வேட்டை நின்றபாடில்லை. தண்டனையைக் கூட்டுவதே தீர்வு என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. அக்கருத்து சட்டத்தின் சொற்களை மட்டும் காண்கிறது. சட்டம் நடைமுறையில் எங்கெங்கே தடைபடுகிறது என்பதைக் காண்பதில்லை. அத்தடைகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்டை, காவல், உரிமம்

கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை மீட்டு வீழ்ந்தோர்க்கு மட்டுமன்றி, புலியோடு பொருது மாண்டோர்க்கும் பன்றியைக் குத்தி மாண்டோர்க்கும் இங்குக் கல் நட்டுள்ளனர். இக்கற்களை வேட்டை மரபின் சான்றுகளாக மட்டும் கொள்வது பொருந்தாது. விளைநிலத்தையும் கால்நடையையும் காக்கும் முயற்சியில் உயிர்நீத்தவர்களுக்கு ஊர் செய்த சிறப்பாகவும் அவற்றைப் படிக்கலாம். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் கையாளும் தழல், தட்டை, குளிர் ஆகியன ஒலியெழுப்பிக் கிளி ஓட்டும் கருவிகளே. கொல்லும் கருவிகள் அல்ல. வேட்டை வேறு, புனங்காவல் வேறு என்ற இப்பகுப்பு, இன்று ராகிக் கொல்லையில் நாட்டுத் துப்பாக்கியோடு அமர்ந்திருப்பவரைப் புரிந்துகொள்ளவும் உதவும். அவர் தம்மைக் காவலர் என்றே கருதுகிறார். சட்டம் அவரை வேட்டையாடி என்கிறது.

ஆங்கிலேயர் காலச் சட்டங்கள் வேட்டையை ஒழிக்க வந்தவையல்ல. யார் வேட்டையாடலாம் என்பதை வரையறுக்க வந்தவை. 1873ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுயானைப் பாதுகாப்புச் சட்டம், 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஆகியவற்றின்கீழ் உரிமம் பெற்ற துரைமார் துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குள் சென்றனர். ஊராரின் கண்ணியும் வலையும் குற்றமாயின. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் உரிம வேட்டைக்கு இடம்வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே அவ்வழி அடைபட்டது. ‘காடு சர்க்காருடையது’ என்று சிற்றூர்களில் இன்றும் கேட்கும் பேச்சின் கசப்புக்கு வயது அதிகம்.

பொதுநிலமும் சட்டத்தின் அடுக்குகளும்

வேட்டைத் தடை காப்புக்காட்டிற்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் தவறானது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நிலத்தைப் பார்ப்பதில்லை, விலங்கைப் பார்க்கிறது. ஏரிப் புறம்போக்காயினும் சொந்தப் பட்டா நிலமாயினும் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடுதல் குற்றமே. கொல்லுதல் மட்டுமன்றிப் பிடித்தல், கண்ணி வைத்தல், துரத்துதல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றிற்கு முயலுதல் ஆகிய அனைத்தும் வேட்டை என்னும் சொல்லுக்குள் அடங்கும். 39ஆம் பிரிவின்படி, சட்டமீறி வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்தாகும்.

நிலத்தின் தன்மை தண்டனையில்தான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொதுவான மீறலுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினாலோ, எவ்வகை வேட்டையையும் சரணாலயத்திற்குள் நிகழ்த்தினாலோ குறைந்தது 3 ஆண்டுகளும் மிகுதியாக 7 ஆண்டுகளும் சிறையும், 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆகவே, நேற்றுவரை காப்புக்காடாக இருந்த இடம் சரணாலயமானதும் அங்கு ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டதற்கான தண்டனையே மாறிவிடுகிறது. எல்லைக்கல்லுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பன்றிதான். இம்மாற்றம் அறிவிக்கையில் இருந்தால் போதாது. காட்டோரச் சிற்றூர்களில் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லப்பட வேண்டியது, ஏனெனில் தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டுமொழி பலருக்குத் தமிழன்று.

நாட்டுத் துப்பாக்கியும் பொதுமன்னிப்பும்

இவ்வட்டாரத்தில் வேட்டையின் முதன்மைக் கருவி உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி. இரும்புக் குழாய், மரக்கட்டை, கரிமருந்து, சிறு இரும்புக் குண்டுகள் ஆகியவையே அதன் உறுப்புகள். இவற்றுள் குழாயும் குண்டும் எந்தக் கடையிலும் பட்டறையிலும் கிடைப்பவை. தொழில் நகரம் ஒன்றை அடுத்த ஊர்களில் அவற்றின் நடமாட்டத்தைத் தடுக்க இயலாது.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இவ்வகைத் துப்பாக்கியை முற்றிலும் விலக்கிவிடவில்லை என்பது பலரும் கவனியாத செய்தி. வாய்வழி மருந்திடும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்காகக் கேட்பவருக்கு உரிமம் வழங்க 13ஆம் பிரிவு வழிவகுத்துள்ளது. ஆனால் வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அவ்வழியைக் குறுக்குகிறது: சரணாலயத்திற்குள்ளும் அதனைச் சுற்றிப் 10 கிலோமீட்டருக்குள்ளும் வாழும் உரிமதாரர்கள் சரணாலயம் அறிவிக்கப்பட்ட 3 மாதங்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வெல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவு வேண்டும். விதி நேர்மையானதே. அதன் விளைவோ வேறு. உரிமம் பெற்றவரின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. உரிமமே இல்லாதவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சட்டத்திற்கு இணங்கியவர் மட்டுமே சட்டத்தின் கண்ணில் படுகிறார்.

இவ்விடைவெளியை நிரப்பவே ஓசூர் வனக்கோட்டம் அண்மை ஆண்டுகளில் ஊர்க்கூட்டங்கள் வழியாக ஒரு முறையைக் கையாண்டது. உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைப்போர்மீது வழக்கு இல்லை என்றும், பின்னர்ச் சோதனையில் சிக்குவோர்மீது நடவடிக்கை உறுதி என்றும் அறிவிக்கப்பட்டது. நேரில் வரத் தயங்கியோர் ஊர்ப் பெரியவர்கள் வாயிலாகவோ பொதுவிடத்தில் வைத்துவிட்டோ துப்பாக்கிகளை விட்டுச்சென்றனர்.

இத்தகைய பொதுமன்னிப்பிற்குச் சட்ட அடிப்படை உண்டா என்னும் வினா எழும். படைக்கலச் சட்டத்தில் மன்னிப்பு என்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் 39ஆம் பிரிவு, உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தல் தொடர்பான 3ஆம் பிரிவுக் குற்றத்திற்கு மாவட்ட நடுவரின், அதாவது மாவட்ட ஆட்சியரின், முன்னனுமதி இன்றி வழக்குத் தொடரலாகாது என்கிறது. அவ்வனுமதியை வழங்காமல் இருப்பதே மன்னிப்பின் சட்ட உருவம் எனலாம். இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. வனத்துறை தனித்து அளிக்கும் உறுதிமொழி முழுமையானதன்று. ஆட்சியரும் காவல்துறையும் உடன்பட வேண்டும். மேலும், அவ்வுறுதி ஆயுதம் வைத்திருந்தமைக்கு மட்டுமே பொருந்தும். அத்துப்பாக்கியால் முன்னர்க் கொன்ற விலங்கிற்கான குற்றம் வன உயிரினச் சட்டத்தின்கீழ் அப்படியே நிற்கும். ஒப்படைப்பவரிடம் இவ்வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதே நம்பிக்கைக்கு வழி.

பெயர் கேளாமல் பெறும் முறைக்கு ஒரு குறையும் உண்டு. துப்பாக்கி வந்துசேர்கிறது, அதனைச் செய்தவர் யார், மருந்து எங்கிருந்து வந்தது என்னும் செய்தி வருவதில்லை. ஒப்படைத்தவரின் பெயரை விடுத்து, செய்முறை ஒற்றுமைகளை மட்டும் பதிந்து ஆராய்ந்தாலே ஒரே பட்டறையில் உருவானவற்றை இனங்காண இயலும். ஒப்படைக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் காட்டுவதைவிட இது பயன்தரும்.

வெடிக்காய், கண்ணி, மின்கம்பி

துப்பாக்கிக்கு ஓசை உண்டு. ஏனையவற்றிற்கு இல்லை, அல்லது ஓசை எழும்போது ஆள் அங்கில்லை. அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி பன்றிக்காக வைக்கப்படுகிறது. அதைக் கடிப்பது யானையாகவோ ஊர் மாடாகவோ இருக்கலாம். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்த கருவுற்ற யானை ஆற்றுநீரில் நின்றபடி இறந்ததை நாடே அறியும். சுருக்குக்கம்பியின் தன்மையும் இதுவே: முயலுக்கு வைத்ததில் சிறுத்தை விழும். 2023 மார்ச் 7 அன்று அண்டை மாவட்டமான தருமபுரியின் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டமீறி அமைத்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் உயிரிழந்தன; உடன் வந்த குட்டிகள் இரண்டு தப்பின. அவ்வேலி பன்றிக்கா யானைக்கா என்று மின்சாரம் பிரித்தறியாது. மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது.

பயிர்ச்சேதம் கற்பனையன்று. 11ஆம் பிரிவு, நிற்கும் பயிருக்குக் கேடு செய்யும் இரண்டாம் அட்டவணை விலங்கை அனுமதியின்பேரில் வேட்டையாட இடந்தருகிறது. இதன் வழியில் கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் பகிர்ந்து, உரிமம் பெற்ற துப்பாக்கியாளர்களைப் பயன்படுத்தியது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறையினரே சுடலாம். துப்பாக்கி பொதுமக்கள் கைக்குச் செல்லாதது இதன் நன்மை. ஆனால் சேதம் மிகுவது காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில்தான். அஞ்செட்டியின் உழவருக்கு இவ்வாணை தருவது மிகக் குறைவு.

வழக்கு மன்றத்தில்

பிடிபட்டவர் தண்டனை பெறுவது வேறொரு நெடும்பாதை. வன உயிரினக் குற்றத்தில் 55ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலரின் முறையீட்டின் பேரில் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். இது காவல்துறை அறிக்கையின்மேல் தொடங்கும் வழக்கன்று. ஆகவே குற்றச்சாட்டு வனைவதற்கு முன்னரே ஒருமுறை சாட்சிகளை விசாரிக்க வேண்டும். ஒரே வனக்காப்பாளர் இருமுறை சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். இடையில் அவர் வேறு சரகத்திற்கு மாற்றப்பட்டிருக்கலாம். உதவி வனப் பாதுகாவலருக்குக் குறையாத நிலையிலுள்ளவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதியும் சாட்சியம் பின்னர் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது என்று 50ஆம் பிரிவு கூறுகிறது. இச்சலுகையை முறையாகப் பயன்படுத்தினால் காலத்தால் தேயும் சாட்சியம் காக்கப்படும்.

இறைச்சி சமைக்கப்பட்டபின் அது மானா ஆடா என்பதை நிறுவ மரபணுச் சோதனை வேண்டும். வண்டலூரிலுள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தில் இதற்கான வசதி உண்டு. மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, கைமாறிய ஒவ்வொரு படியையும் எழுதிவைப்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். இன்னொன்றும் கருதத்தக்கது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விதிக்கக்கூடிய உச்ச அளவு 3 ஆண்டுச் சிறை. சரணாலய வேட்டைக்கான குறைந்த அளவும் அதுவே. சட்டநூலிலுள்ள 7 ஆண்டு என்னும் எண், வழக்கு தலைமை நடுவர் முன் செல்லாதவரை அச்சிலேயே தங்கும்.

மாநில எல்லை

வன உயிரினச் சட்டம் மத்தியச் சட்டம். இரு மாநிலத்திற்கும் ஒன்றே. ஆனால் வனக்காப்பாளரின் அதிகாரம் மாநில எல்லையில் முடிகிறது. துரத்திச் சென்று நாட்டின் எப்பகுதியிலும் கைதுசெய்யும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் காவல் அலுவலருக்கே சொல்லால் வழங்குகிறது. எனவே ஜவளகிரியில் சுட்டவர் சிறிது தூரம் நடந்தால் வேறொரு துறையின் பொறுப்பாகிறார்.

எல்லைக் காவல் தவறும்போது இழப்பு விலங்கிற்கு மட்டுமன்று. 2023 பிப்ரவரியில், இதே காவிரிக் காட்டுத் தொடரின் தெற்கே, பாலாறு காவிரியோடு கலக்கும் பகுதியில் கர்நாடக வனத்துறையினர் இரவில் துப்பாக்கிச்சூடு நடத்தினர். சேலம் மாவட்டம் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவரின் உடல் சில நாள்களுக்குப்பின் ஆற்றில் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தோர் என்றது அத்துறை. மீன்பிடிக்கச் சென்றவர் என்றனர் உறவினர். எல்லையில் பேருந்துகள் நின்றன. வேட்டையாடியவரே ஆயினும் சட்டம் அவருக்கு விதித்தது சிறைதான். கூட்டு ரோந்தும், இரு தரப்பும் அறிந்த சுடுதல் விதிமுறையும், நிகழ்வு நடந்தவுடன் மறுபுற அலுவலருக்குத் தகவல் தரும் ஏற்பாடும் இத்தகைய இரவுகளுக்காகவே தேவைப்படுகின்றன.

காவல் புரிவோர்

இக்காடுகளில் இரவில் வேட்டையாடுவோரை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர். அவர் தற்காலிகப் பணியாளர்; கையில் கோலும் கைவிளக்கும் இருக்கும்; காட்டை அறிந்தவர் என்பதே அவரது தகுதி. எதிரே நிற்பவர் அவரது ஊராராகவோ உறவினராகவோ இருப்பதும் உண்டு. அவரது பணி நிலைப்படாதவரை, அவர் தரும் தகவலும் சாட்சியும் உறுதிப்படுமா என்பது ஐயத்திற்குரியது.

இப்பகுதியில் இருளர் உள்ளிட்ட பழங்குடியினர் வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களது மரபுரிமைகளை ஏற்றபோதும் வேட்டையை வெளிப்படையாக விலக்கியது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, வன உயிரினங்களைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றோருக்கும் அளிக்கிறது. விதிகள் அதற்கெனக் குழு அமைக்கவும் சொல்கின்றன. விலக்கப்பட்ட பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. ஊருக்கு அளிக்கப்பட்ட பகுதி நடைமுறைக்கு வர, முதலில் அக்குழுக்கள் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் கிராம சபைகளில் தீர்மானமாக அமைய வேண்டும். துப்பாக்கி ஒப்படைப்புக் கூட்டங்களை வனச்சரக அலுவலகம் கூட்டுவதற்கு மாறாக அவை கூட்டலாம்.