நின்ற தறி

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் நுழைந்தால் முதலில் சத்தம்தான். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா அடிபட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் காதோரம் கத்த வேண்டும். இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரே நெசவாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒன்று நின்றால் சட்டென்று திரும்புகிறார். இத்தனை தாளத்தில் ஒரு தாளம் குறைந்தது அவருக்குக் கேட்டிருக்கிறது.

தறி எப்படித் தானாக நின்றது? துணியின் ஓரத்தில் முள்கரண்டி போல ஒரு சின்னக் கம்பி இருக்கும். ஊடை நூல் குறுக்கே ஓடியிருந்தால், அச்சு முன்னே வரும்போது அந்த நூல் கரண்டியின் பற்களைத் தள்ளும். கரண்டி சாயும், அதன் வால் எழும்பும். நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்துவிட்டாலோ அறுந்துவிட்டாலோ தள்ள ஒன்றுமில்லை. எழும்பாத வாலை ஒரு கொக்கி பிடித்து இழுக்க, தறியின் கைப்பிடி விடுபட்டுவிடும். அவ்வளவுதான். மின்சாரமே எட்டிப் பார்க்காத 1840களில் லங்காஷயர் தறிகளில் வந்த உத்தி இது. அதற்கு முந்தைய விசைத்தறிக்கு நூல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, சும்மா அடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் கண்கொட்டாமல் காவல் இருக்க வேண்டும்.

இந்த நிற்கும் குணத்தின் அருமையை முழுதாகப் புரிந்துகொண்டவர் ஜப்பானியரான சகிச்சி டொயோடா. 1867இல் பிறந்தவர், அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். ஊடை அறுந்தால் நிற்கும் விசைத்தறியை 1896இல் செய்தார். 1924இல் வந்த அவருடைய ‘ஜி’ வகைத் தறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொண்டது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தாலும் நின்றது. 1929இல் லங்காஷயரின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு அதன் உரிமையை வாங்கியது. பாடம் சொல்லிக் கொடுத்த ஊர் மாணவனிடம் வந்து நின்ற கதை! டொயோடாவின் மகன் தொடங்கிய கார் நிறுவனம், குறை வந்தால் இயந்திரம் தானே நிற்க வேண்டும் என்ற இந்தக் கொள்கையை ‘ஜிடோகா’ என்கிறது. ‘தானியங்கி’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லில் ‘அசைவு’ எழுத்தின் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்து எழுதுவார்கள். உச்சரிப்பு மாறாது, எழுத்துக்குள் ஓர் ஆள் வந்து நிற்பார்.

ரோபோக்களின் கதையும் இதே வழியில்தான் போயிருக்கிறது. 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ‘யூனிமேட்’ என்ற இரும்புக் கைக்கு எதிரே இருப்பது தகடா, தலையா என்று தெரியாது. அந்த வகை ரோபோக்களைச் சுற்றி வேலி போட்டதன் காரணம் அதுதான். 1996இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கோல்கேட், பெஷ்கின் இருவரும் ‘கோபாட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். கூட்டாளி ரோபோ. அவர்களுடைய முதல் கோபாட்டுக்கு இழுத்துத் தள்ளும் பலம் கிடையாது. தள்ளுவது மனிதர், பாதை தவறாமல் பிடித்துக்கொள்வது இயந்திரம். 2008இல் டென்மார்க்கின் யூனிவர்சல் ரோபாட்ஸ் விற்கத் தொடங்கிய கை தானாகவே அசையும். ஆனால் எதிலாவது இடித்தால், மூட்டு மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் எதிர்பார்த்ததைவிடக் கூடும்; கட்டுப்பாட்டுக் கருவி அதைக் கவனித்து உடனே நிறுத்திவிடும். நம் முள்கரண்டியின் கொள்ளுப்பேரன் என்று சொல்லத் தோன்றுகிறது. கரண்டி இல்லாத தொடுதலை உணர்ந்தது. பேரன் இருக்கக்கூடாத தொடுதலை உணர்கிறான்.

சரி, நின்ற பிறகு? அங்கேதான் விரல்கள் வேண்டும். இரும்பைப் பற்றவைக்கிற ரோபோவுக்குத் துணி பெரும் தலைவலி; தொட்டால் சுருங்கும், தூக்கினால் வடிவம் மாறும். 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோ, குவியலிலிருந்து துண்டுகளை எடுத்து ஒன்றுவிடாமல் மடித்துக்காட்டியது. உலகமே கைதட்டியது. ஒரு துண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 25 நிமிடம்!

எளிய விசைத்தறிக்குப் பாவு அறுந்தால் தெரியாது. அது இன்னும் கண்ணின் வேலை. ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்ததைத் தேடி எடுத்து, விழுதின் கண்ணிலும் அச்சின் இடுக்கிலும் கோத்து, விரல்நுனியில் பிணைத்து, கைப்பிடியைத் தள்ளுகிறார் நெசவாளி. அதற்குள் பின்னால் இன்னொரு தறி நின்றிருக்கிறது.