மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி விடிகாலையில் என் தாய்மாமா குளித்துவிட்டு, குருசாமி கையால் துளசிமணி மாலை போட்டுக்கொள்வார். நாமக்கல் பக்கம் லாரி டிரைவர். நாளைக்கு இரண்டு கட்டு பீடி. லோடு இறக்கிய ராத்திரிகளில் குவார்ட்டரும் உண்டு. மாலை கழுத்தில் ஏறிய நிமிடத்திலிருந்து இரண்டும் கிடையாது. கறி கிடையாது, சவரம் கிடையாது, செருப்பும் கிடையாது. வெறுங்காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே நாக்பூர் வரை போய்வருவார். எந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீர்க் குளியல், இரண்டு வேளை சரணம். வருஷா வருஷம் இப்படித்தான், இருபது வருடங்களுக்கு மேல்.

சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பியதும் என் பாட்டி கையால் மாலையைக் கழற்றுவார். மறுநாள் மத்தியானம் பெட்டிக்கடை வாசலில் நின்று, "ஒரு கட்டு குடுப்பா" என்பார். ஒருமுறை நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"ஏன் மாமா, நாப்பத்தெட்டு நாள் தொடாம இருந்தீங்கல்ல, அப்படியே விட்டுற வேண்டியதுதானே?"

தீக்குச்சியை உதறி அணைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்க மாப்ள விட்டேன்? மாலை விட வெச்சுது."

சாக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். என் முறை வந்தபோதுதான் அந்தப் பதிலின் எடை தெரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே ஷூ வாங்கிவிட்டேன். (வாங்குவதில் எனக்கு என்றுமே தயக்கம் இருந்ததில்லை.) மறுநாள் ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. கூடவே உள்ளுக்குள் ஒரு குரலும் எழுந்தது. அது சோம்பேறியின் குரலாக இருந்திருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். அது பேசியதோ, என் நலனில் அக்கறை உள்ள பெரிய மனிதரைப் போல. ராத்திரி படுக்கவே பன்னிரண்டாகிவிட்டதே, தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறுமாமே என்றது. தெருவெல்லாம் ஈரம், வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றது. இன்று வியாழன்தானே, திங்கள்கிழமையிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கலாமே என்றது.

கவனித்துப் பார்த்தால், ஒரு நாள்கூட அது "நடக்காதே" என்று சொன்னதில்லை. நடக்க வேண்டியதுதான், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றே சொல்லிவந்தது. கொள்கையை முழுதாக ஒப்புக்கொண்டு தேதியில் மட்டும் வாய்தா கேட்கும் வக்கீல் அது. அதனிடம் வாதாடி ஜெயித்தவன் நான் இல்லை, ஏனென்றால் அது சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. ஷூ நான்கு மாதம் ஸ்டாண்டிலேயே கிடந்து தூசி ஏறியது.

மாமாவுக்குக் கார்த்திகையில் இந்த வழக்கே விசாரணைக்கு வருவதில்லை. பெட்டிக்கடைக்காரர் மாலை போட்டவரிடம் பீடிக்கட்டை நீட்டமாட்டார். சேர்ந்து குடிக்கிற கூட்டாளி இவரைக் கண்டதும் பாட்டிலை லுங்கிக்குள் மறைப்பார். அத்தை தனிப் பாத்திரத்தில் சமைப்பாள், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பங்காளிகள்கூட "சாமி" என்பார்கள். ஊரில் இருக்கும் நாட்களில் சாயங்காலப் பஜனைக்கு ஆள் வரவில்லையென்றால் குருசாமியிடமிருந்து போன் வந்துவிடும். ஒரு மனிதனின் உறுதியை ஊரே ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் தன் மனதோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டிய நேரம் ரொம்பக் குறைவு. இதில் பக்திக்கு இடமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பக்தி இருக்கிறது. ஆனால் அதே பக்தி தை மாதத்திலும் அவரிடம் இருந்ததே, பீடி எப்படி வந்தது?

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும் இதே ஏற்பாடுதான். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டலாமா என்று யாரும் யோசிப்பதுகூட இல்லை.

இந்த ஏற்பாடு கோயிலோடு நின்றுவிடுவதில்லை. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் ஷில்பாக், சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரைக் கொண்டு மூன்று வாரங்கள் ஒரு சோதனை நடத்தினார். கட்டுரை 2019-இல் வெளியானது. தினமும் வந்து மூச்சுக் கருவியில் ஊதிக்காட்ட வேண்டும். ஒரு பகுதியினருக்கு, குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். அவர்களிடம் பகல் குடி குறைந்தது, சேமிப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது. பணம் கொடுத்தால் குறையத்தானே செய்யும் என்று தோன்றலாம். எனக்கு உறைத்த இடம் வேறு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரே தொகை வேண்டுமா, இல்லை, குடிக்காமல் வந்தால்தான் முழுத் தொகை என்ற நிபந்தனை வேண்டுமா என்று அவர்களையே கேட்டபோது, நிபந்தனையால் ஒரு பைசா லாபமில்லை என்ற நிலையிலும் கணிசமானோர் அதையே கேட்டு வாங்கினார்கள். படித்தவர்கள் அவர்களைக் கட்டுப்பாடில்லாதவர்கள் என்பார்கள். தங்கள் சாயங்காலத்தைத் தங்களை நம்பி விடக்கூடாது என்று காலையிலேயே தெரிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள். நான்கு மாதம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தெளிவு இல்லை.

பணத்தைக் கட்டிவிட்டால் வேலை நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006-இல் வந்த கட்டுரை அது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். கட்டிய பணம் வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல். எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்தும் அக்கா மாதம் ஐந்தாம் தேதி வாசலில் வந்து நிற்பார், கேட்பார். என்னிடம் சேமிப்பு என்று ஏதாவது இருந்தால் அது அந்த அக்காவின் சாமர்த்தியம்.

மாமாவின் கதையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லல்லியும் சகாக்களும் 96 பேரிடம் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர், இந்த மாதிரி. அது தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுத்தரக் கணக்கு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிக்கவே இந்தப் பாடென்றால், இருபது வயதில் ஒட்டிய பீடி எந்த மூலைக்கு? ஒரு மண்டலம் என்பது ஒருவேளை பாதி வழிதான். பாதி வழியில் மாலையைக் கழற்றிவிட்டு, ஏன் ஊர் வந்து சேரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. விரதத்துக்கு இது பொருந்தாது, அங்கே ஒரு நாள் தவறினாலும் பங்கம். அந்தக் கண்டிப்பைத்தான் நாம் நடைக்கும் படிப்புக்கும் இழுத்து வந்துவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை தவறினால் அந்த வாரமே போச்சு, வாரம் போனால் மாதம் போச்சு. உள்ளே இருக்கும் வக்கீலுக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

என் நடை ஆரம்பித்தது தற்செயலாக. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குடிவந்தார். வந்த இரண்டாம் நாளே, "காலையில அஞ்சே முக்காலுக்கு முக்கு டீக்கடைகிட்ட நிக்கிறேன் சார், சேர்ந்து போவோம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கத்தான் கூச்சமாக இருந்தது. மறுநாள் அலாரம் அடித்தபோது வழக்கமான குரலும் எழுந்தது. ஆனால் ஒரு வயதான மனிதர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் நிற்கும் காட்சிக்கு முன்னால் அதற்கு வாதம் கிடைக்கவில்லை. தூக்கம், ஈரம், திங்கள்கிழமை எல்லாவற்றுக்கும் "சார் நிக்கிறாரே" என்ற ஒரே பதில். பல மாதம் கழித்து ஒரு நாள் நடந்துகொண்டே சொன்னார்: "நீங்க வந்து நின்னுருவீங்களேன்னுதான் சார் நானே எந்திரிக்கிறேன். இல்லேன்னா போர்வையை விட்டு வரமாட்டேன்."

இதை மாமாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. போன கார்த்திகையில் மாலை போட்டவர், மகரஜோதி பார்த்துவிட்டு வந்த பிறகும் கழற்றவில்லை. பங்குனி உத்திரம் வரை கழுத்திலேயே கிடக்கட்டும், அன்றைக்குத்தானே அய்யப்பன் பிறந்தநாள் என்று குருசாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டாராம். உத்திரத்தன்று மாலை இறங்கியது. மறுநாள் பெட்டிக்கடைப் பக்கம் போகவில்லை என்று அத்தை சொன்னாள். நான் நம்பவில்லை, அவளுக்கும் முழு நம்பிக்கை இல்லை.

ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் புடைப்பு எதுவும் இல்லை.

"எத்தனை நாள் ஆச்சு மாமா?"

"இருநூத்திச் சொச்சம் இருக்கும்." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "வைகாசியில ஒரு எழவுக்குப் போனப்ப ஒண்ணு புடிச்சுட்டேன் மாப்ள. அதைக் கழிச்சுக்க."